பெரியவூட்டுக் கொசு

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். திருடியது கொசு. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கொசுவைப் போய் யாராவது திருடுவார்களா, அது யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த வருஷம் கொசுவுக்கும் சொந்தக்காரர் இருந்தார்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூரில் பஸ் ஏறி வடக்கே போய், ரோட்டோரம் இறங்கிப் பருத்திக் காட்டு வழியாக நடந்தால் எங்கள் ஊர் வரும். வானம் வெளுத்திருக்கும் நாளில் ரஞ்சன்குடிக் கோட்டை மதில் தூரத்தில் தெரியும். ஊர்த்தெரு மேட்டில் இருந்தது, எங்கள் காலனி பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே, ரோட்டுக்கு ஜல்லி உடைத்தவர்கள் மூடாமல் விட்டுப்போன கல்குழி ஒன்று. அந்த ஐப்பசியில் பெய்த மழையில் குழி நிரம்பி, வடிய வழியில்லாமல் அப்படியே நின்றது. கார்த்திகை பிறந்ததும் காய்ச்சல் வந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் அதை முறைக்காய்ச்சல் என்பார்கள். சொன்ன நேரம் தவறாது. என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. ரோட்டில் பதினோரு மணி பஸ் ஹாரன் அடித்தால் இவனுக்குப் பல் கிட்ட ஆரம்பிக்கும். அம்மா வீட்டிலிருந்த சேலை, சாக்கு எல்லாவற்றையும் அவன்மேல் போட்டு, அதற்கும் மேலே அவளும் படுத்து அமுக்குவாள். ஒரு மணி நேரம் கழித்து உடம்பு நெருப்பாகும். பிறகு வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து, எதுவும் நடக்காதவன் போலச் சோறு கேட்பான். மறுநாள் முழுக்கக் கோலி விளையாடுவான். அதற்கு அடுத்த நாள் பதினோரு மணி பஸ் வந்துவிடும்.

காலனியில் வீட்டுக்கு ஒருவர் இப்படி விழுந்தார்கள். டவுனிலிருந்து ஆட்கள் வந்து விரலில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி எடுத்துப் போனார்கள். குமட்டுகிற கசப்பில் மாத்திரை கொடுத்தார்கள். பம்பு கொண்டுவந்து சுவரெல்லாம் வெள்ளையாக மருந்து அடித்தார்கள். எங்கள் காலனியின் எல்லா வீட்டிலும் அடித்தார்கள். ஊர்த்தெருவில் வேண்டியவர்கள் அடித்துக்கொண்டார்கள். பெரியவூட்டில், மாட்டுக்கு ஆகாது என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

பெரியவூடு என்பது ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்தவரின் வீடு. என் அப்பா அங்கே பண்ணையாள். பகலில் காட்டு வேலை, பொழுது போனால் மாட்டுக் கொட்டாயில் காவல். அவருடைய கயிற்றுக் கட்டில் அங்கேதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் அவரைப் பார்ப்பது நான் மட்டும்தான். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் தூக்குச்சட்டியில் கூழ் எடுத்துப்போய்க் கொட்டாயில் கொடுப்பேன். கார்த்திகைக் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரத்தம் எடுக்க ஆட்கள் வந்த இரண்டு தடவையும் அவர் வீட்டில் இல்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டதற்கு, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காலனியில் பதினைந்து பேர் நடுங்கிக்கொண்டிருந்தவரை அது வெறும் காய்ச்சல். பெரியவூட்டுக்காரரின் பேரனுக்கு வந்த அன்றுதான் அது ஊர்க் காய்ச்சல் ஆனது. மறுநாளே காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். காலனி ஆட்கள் அரியலூர்ப் பக்கம் கல் உடைக்கப் போய், தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்துவிட்டார்களாம். காய்ச்சல் நிற்கிறவரை காலனிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவேண்டாம், பெண்கள் பருத்திக்குக் களையெடுக்க வரவேண்டாம் என்று முடிவானது. டீக்கடையில் முன்பெல்லாம் எங்களுக்குத் தனி டம்ளர். இப்போது அந்த டம்ளரையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன். வகுப்புக்கு வந்து, பத்துப் பிள்ளைகளின் பெயரை மெதுவாகப் படித்து, கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வு எடுங்கள் என்றார். எனக்குக் காய்ச்சலே இல்லை என்று சொன்னேன். தெரியும் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நான் முடிக்காமல் விட்ட வகுத்தல் கணக்கு பலகையில் பாதியில் நின்றது.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். வீட்டைக் கூட்டுவாள். அன்று எங்கள் வாசலை நாலு தடவை கூட்டினாள்.

அடுத்த வாரம் கொசு பிடிக்கிறவர் வந்தார். ஒல்லியான மனிதர். சைக்கிளில் காக்கிப் பை, கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் கண்ணாடிக் குழல். விடிந்தும் விடியாத நேரத்தில் வந்து, கூரையின் உள்பக்கம் டார்ச் அடிப்பார். கொசு உட்கார்ந்திருந்தால் குழலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வாயால் சர்ரென்று உறிஞ்சுவார். கொசு உள்ளே போய்விடும். குழாயும் குழலும் சேருகிற இடத்தில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் வராது. பிறகு சோதனைக் குழாய்க்குள் ஊதிவிட்டுப் பஞ்சால் அடைப்பார். பத்து நிமிஷத்தில் நாங்கள் அவருக்கு உறிஞ்சி சார் என்று பெயர் வைத்துவிட்டோம்.

எல்லாக் கொசுவையும் அவர் பிடிக்கவில்லை. சுவரோடு சுவராகப் படுத்தாற்போல் உட்காருவதை விட்டுவிட்டார். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தலைகீழாக நிற்க எத்தனிப்பது போல உட்காருகிறதே, அதுதான் அவருக்கு வேண்டும். அதுதான் இந்தக் காய்ச்சலைச் சுமப்பது. பெரிய சார் வெள்ளிக்கிழமை ஜீப்பில் வருவார், பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் வைத்து, ஒவ்வொன்றாக அறுத்து, எச்சில் சுரப்பியில் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார் என்றார். எங்களுக்கு அது பெரிய பொய்யாகத் தோன்றியது. கொசுவுக்கு எச்சிலே இருக்கிறதா என்பதில் சண்டையே வந்தது.

மருந்து அடித்த எங்கள் வீடுகளில் அவருக்கு ஏழெட்டுக்கு மேல் கிடைக்கவில்லை. ஆனாலும் மூன்று நாளும் காலனியையே சுற்றினார். மூன்றாம் நாள் அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்று கேட்டாள்.

"ஏன் சார், கொசுவுக்கு எங்க தெரு மட்டுந்தான் வழி தெரியுமா?"

அவர் சைக்கிளைத் துடைத்தார். பிறகு உண்மையைச் சொன்னார். பெரியவூட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போனதாகவும், மாடு மிரளும் என்று உள்ளே விடவில்லை என்றும், அதற்குமேல் பேச தனக்கு தைரியம் இல்லை என்றும் சொன்னார். போன வருஷம்தான் ஒரு ஊரில் வாய் கொடுத்து இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தாராம். நோட்டில் அந்த வீட்டுக்கு நேரே என்ன எழுதினீர்கள் என்று அம்மா கேட்டாள். கொசு இல்லை என்று எழுதியிருந்தார்.

"அப்ப வெள்ளிக்கெழம ஜீப்புல வர்றவரு எங்க வூட்டுக் கொசுவ மட்டும் அறுத்துப் பாப்பாரு. கிருமி இருந்துச்சுன்னா எங்க வூட்டுக் கிருமின்னு எழுதிட்டுப் போயிடுவாரு."

அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியவூட்டுக்குப் போனாள்.

பெரியவூட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட வார்த்தை பேசுகிறவரோ கை ஓங்குகிறவரோ இல்லை. குரலை உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அம்மா படிக்குக் கீழே நின்று, கொசு பிடிக்கிற சாரைக் கொட்டாய்க்குள் ஒரு தடவை விடச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் பேப்பரை மடிக்காமலேயே சொன்னார்.

"என் கொட்டாயில கொசு கெடையாது. நம்பலன்னா உன் புருஷனையே கேளு. அவன்தானே அங்க படுக்குறான்."

அப்பா அப்போதுதான் வைக்கோல் கட்டோடு அந்தப் பக்கம் வந்தார். தலையில் கட்டு இருந்ததால் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"இல்லீங்க," என்றார் அப்பா, யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியாமல்.

திரும்பி வரும்போது கல்குழி வரைக்கும் அம்மா வேகமாக நடந்தாள். குழிக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். கொசு இல்லாத மாட்டுக் கொட்டாயி, டிக்கெட் போட்டுக் காட்டலாம் என்று சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பா பொய் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தினமும் கூழ் கொடுக்கப் போகும்போது கொட்டாயின் கீற்று மறைவில், வைக்கோல் போருக்குப் பின்னால், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உறிஞ்சி சாரிடம் போய்க் குழலை இரவல் கேட்டாள். கவர்மெண்டு சாமான், கொடுத்தால் வேலை போய்விடும் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

குழல் இல்லாவிட்டால் என்ன? எங்கள் வீட்டுக்குப் பின்னால் பப்பாளி மரம் இருந்தது. அதன் இலைக்காம்பு உள்ளே ஓட்டையாக இருக்கும், அதை வைத்து ஊதி விளையாடுவோம். ஒன்றை நறுக்கி, நடுவில் வெட்டி, அம்மாவின் பழைய சேலையிலிருந்து மெல்லிய துணி கிழித்து இடையில் வைத்து, இரண்டு துண்டையும் நாரால் கட்டினேன். கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க எடுத்துப் போகும் சீசா ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கழுவிக் காய வைத்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கொசுவைப் பிடித்துப் பழகினேன். மூன்றாவதைப் பிடிக்கும்போது துணி நழுவி, கொசு தொண்டைக்குள் போய்விட்டது. அதற்கு எச்சில் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அன்று முழுக்க வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, நாரை அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் தூக்குச்சட்டிக்குள் கூழ், பாவாடை மடிப்பில் சீசாவும் பப்பாளிக் காம்பும். தெரு வழியாகப் போகாமல் பின்பக்கச் சோளக்காட்டு வரப்பில் போனேன். அப்பா மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போயிருந்தார். கொட்டாயில் கன்றுக்குட்டி மட்டும் இருந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போனேன். அங்கே இருட்டு. கண் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சிலவற்றுக்கு வயிறு சிவப்பாக உப்பியிருந்தது. நான் உறிஞ்சுவதும் சீசாவில் ஊதுவதும் கட்டைவிரலால் அடைப்பதுமாக எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாறு வரைக்கும் எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

என் கையில் இருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரியவூட்டுக்காரர் பல்குச்சியோடு கொட்டாயை நோக்கி வந்துகொண்டிருந்தார். அப்பா என் தலையில் கை வைத்து அழுத்தி வைக்கோலுக்குள் உட்கார வைத்து, மேலே ஒரு கை வைக்கோலை இழுத்துப் போட்டார். உள்ளே யாருடா என்று குரல் கேட்டது. அப்பாவின் கால் இரண்டும் என் மூக்குக்கு நேரே நின்றன.

"கன்னுக்குட்டிங்க," என்றார்.

அவர் போன பிறகு அப்பா என்னை வெளியே எடுத்து, பாவாடையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, வந்த வழியே போகச் சொன்னார். சீசாவைக் கேட்கவில்லை. கூழும் குடிக்கவில்லை. வாய்க்குப் பிடிக்கவில்லை என்று சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து முன்னால் ஜீப் நின்றது. எங்கள் வகுப்பு மேஜையில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு பெரிய சார் உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். பக்கத்தில் பெரியவூட்டுக்காரர் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டச் சொல்லி உபசாரம் செய்துகொண்டிருந்தார். நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்பதால் காலனிக்காரர்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். அம்மா சீசாவை எடுத்துக்கொண்டு வேலிப் படலைத் திறந்து உள்ளே நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன். மேஜைமேல் சீசாவை வைத்தாள்.

ஆபீஸ் ஆட்கள் பிடிக்காத கொசுவைப் பரிசோதிக்க விதியில்லை என்றார் பெரிய சார். ஆனாலும் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதி செத்துக் கிடந்தன, மீதி உட்கார்ந்திருந்தன, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு. அவர் புருவம் ஏறியது. எங்கே பிடித்தது என்று கேட்டார்.

"பெரியவூட்டு மாட்டுக் கொட்டாயிலங்க," என்றாள் அம்மா, வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

உறிஞ்சி சார் தன் செருப்பைப் பார்த்தார். பெரியவூட்டுக்காரர் இளநீரைக் கீழே வைத்தார். என் கொட்டாய்க்குள் யார் உன்னை விட்டது என்று அம்மாவைக் கேட்டார். நான் முன்னால் வந்து, நான்தான் பிடித்தேன் என்றேன். குரல் நடுங்கிவிடுமோ என்று பயந்து கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு என்றார் அவர், அமைதியாக.

"திருட்டுதாங்க," என்றாள் அம்மா. "ஆனா அந்தக் கொட்டாயில கொசுவே கெடையாதுன்னு ஐயா சொன்னீங்க. இல்லாத பொருள எம்புள்ள எப்படித் திருடுச்சுன்னு ஐயாதான் சொல்லணும்."

வேலிக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என் சீசாவிலிருந்து உயிரோடிருந்த கொசுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடித் துண்டில் சொட்டு உப்புத்தண்ணீரில் வைத்து, இரண்டு ஊசியால் தலையைப் பிரித்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் யாரும் நகரவில்லை. மத்தியானம்வரை பார்த்தார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. கிருமி இருந்த கொசுவைப் பிடித்தது நான்தான் என்று ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை சொல்லித் திரிந்தேன். உண்மையில் நான் திருடியது அத்தனையும் சுத்தமான கொசு.

பெரியவூட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்தார். தான் முதலிலேயே சொன்னது இதைத்தானே என்றார். பெரிய சார் நோட்டைப் புரட்டி, அந்த வீட்டுக்கு நேரே கொசு இல்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். உறிஞ்சி சாரைப் பார்த்தார். கிருமி இல்லாமல் இருக்கலாம், கொசு இருக்கிறது, இருந்தால் நாங்கள் பார்த்தாக வேண்டும், நாளைக் காலையில் நானே வருகிறேன் என்றார். ஜீப்பில் வந்த ஆபீசரிடம் மாடு மிரளும் என்று பெரியவூட்டுக்காரரால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் பெரிய சாரும் உறிஞ்சி சாரும் கொட்டாய்க்குள் ஒரு மணி நேரம் இருந்தார்கள். வெளியே வந்தபோது பிடித்த கொசுவைப் போட்டுவைக்கிற வலைக்கூண்டு கறுத்திருந்தது. உச்சிவேளைக்குப் பெரிய சார் பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவில்லை. உறிஞ்சி சாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"நூலு நூலா கெடக்குதுங்க," என்றாள்.

அதுதான் என்றார் அவர். நானும் பெஞ்சில் ஏறிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது என் கண் இமைமயிர் மட்டும்தான். தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பெரிய சார் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். இந்தக் கொட்டாயில் மருந்து அடிக்காததால் கொசு நிறைய நாள் உயிரோடிருக்கிறது, இது கடித்தால் யாருக்கும் காய்ச்சல் வரும், ஊர்த்தெரு காலனி என்று பார்க்காது. அன்றைக்கே மருந்து அடிக்க வேண்டும், கல்குழியை மூட வேண்டும், பள்ளிக்கூடம் வரவிடாமல் பிள்ளைகளை நிறுத்தியது தப்பு என்று ஹெட்மாஸ்டரிடம் எழுதியும் கொடுத்தார். ஹெட்மாஸ்டர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு பெரிய சார் கொட்டாய்ப் பக்கம் போய், உள்ளே கிடந்த கட்டிலைப் பார்த்துவிட்டு, ராத்திரியில் இங்கே யார் படுக்கிறது என்று கேட்டார். பெரியவூட்டுக்காரர் அப்பாவைத் தாடையால் காட்டினார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெரிய சார் அந்தக் கையைத் தானே எடுத்து விரலில் குத்தி ரத்தம் தடவிக்கொண்டார். ஜீப் கிளம்புவதற்கு முன்னால் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாக என்னவோ சொன்னார். நான் ஜீப்பின் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அம்மா பெரியவூட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போய் அப்பாவின் கட்டிலைத் தூக்கித் தலையில் வைத்தாள். சோளக்காட்டு வரப்பில் திரும்பாமல் ஊர்த்தெருவுக்குள் நடந்தாள். காலனிப் பெண் யாரும் அந்தத் தெருவில் தலைச்சுமையோடு நடந்து நான் பார்த்ததில்லை, அதுவும் காலில் செருப்போடு. பெரியவூட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். கட்டிலை எங்கே கொண்டுபோகிறாய், ராத்திரியில் மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டார். அம்மா நிற்கவில்லை.

"அது உங்க மாடுங்க," என்றாள்.

அப்பா பின்னால் வந்தார். கம்பளியை இழுத்துப் போர்த்தியிருந்தார். அப்படியும் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பெரியவூட்டுக்காரருக்குப் பயந்து நடுங்குகிறார் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முன்னால் ஓடி, எல்லோரும் என்னையே பார்க்கும்படி, "பெரியவூட்டுக் கொசுதான் காய்ச்சல் கொடுத்துச்சு" என்று கத்திக்கொண்டே போனேன்.

அப்பா அந்தப் பண்ணைக்குத் திரும்பிப் போகவே இல்லை. மாத்திரை தின்று தேறி, கூலி வேலைக்குப் போய், எங்களோடு வெகு காலம் இருந்தார். நான் பிற்பாடு சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலைக்குப் படித்தேன். அந்தப் பாடத்தில் முதல் வாரமே ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். கொசு தானாகக் கிருமியோடு பிறப்பதில்லை. காய்ச்சல்காரன் ஒருவனைக் கடித்து, அவன் ரத்தத்தோடு கிருமியைக் குடித்து, பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடிருந்தால்தான் அது எச்சிலுக்கு வரும். நான் அந்தப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாட்டுக்கு அந்தக் காய்ச்சல் வராது. அந்தக் கொட்டாயில் இரவெல்லாம் கிடந்த மனுஷ ரத்தம் ஒருவருடையதுதான். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் கம்பளிக்குள் தனியாகக் கிடந்து உதறியவர். நூல் நூலாக அம்மா பார்த்தது அவர் மூலம் வந்ததைத்தான்.

ஜீப்புக்குப் பக்கத்தில் பெரிய சார் சொன்னது அதுதான் என்று, ஊருக்குப் போனபோது கேட்டதற்கு அம்மா ஒத்துக்கொண்டாள். அப்படியானால் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த அன்றே அவளுக்கு எல்லாம் தெரியும். நான் கத்துவது முழு உண்மை இல்லை என்பதும் தெரியும். அன்று பெரியவூட்டு வாசலைத் தாண்டும்போது எனக்கே கொஞ்சம் பயம் வந்து குரல் இறங்கிவிட்டது. அம்மா அதட்டுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். கட்டில் கால்களுக்கு நடுவே அவள் முகம் நனைந்திருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள். "இன்னும் சத்தமா சொல்லு."